கட்டி தட்டாமல் கலந்த விஞ்ஞானி
பேக்கலைட் கண்ட லியோ பேக்கலண்டின் வரலாறு

குக்கரின் கைப்பிடி கறுப்பாக இருக்கிறதே, அது எதனால் ஆனது என்று என்றைக்காவது யோசித்தது உண்டா?

அடுப்பில் குக்கர் கொதிக்கிறது. கைப்பிடி உருகுவதில்லை. வளைவதில்லை. பழைய வீடுகளின் சுவரில் இருக்கும் கறுப்பு சுவிட்சும் அந்த ஜாதிதான். உள்ளே மின்சாரம் ஓடுகிறது. வெளியே விரல் வைத்தால் ஒன்றும் செய்வதில்லை. சாமான் கடைக்காரரைக் கேட்டால் "பேக்கலைட்" என்பார்.

பேக்கலைட் என்பது ஒரு மனிதரின் பெயரில் இருந்து பிறந்த பெயர். அவர் லியோ பேக்கலண்டு. பெல்ஜியம் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ரசாயன விஞ்ஞானி.

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தக் கறுப்புச் சாமான்களில் ஏறக்குறைய பாதி, மரத்தூள்! மரத்தைக் கோதுமை மாவு போல நைசாக அரைத்து, ஒரு வகைப் பிசினோடு கலந்துதான் அவற்றைச் செய்தார்கள். வெறும் பிசினில் செய்தால், கீழே விழுந்த உடனே கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகிவிடும். மரமாவு சேர்ந்தால்தான் உறுதி.

மாவைச் சேர்ப்பது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். கேழ்வரகுக் கூழ் காய்ச்சிய தாய்மார்களுக்கு அந்த வித்தை தெரியும். கை கொஞ்சம் அசந்தால் கட்டி தட்டிவிடும். கூழில் கட்டி தட்டினால் கரண்டியால் நசுக்கலாம். பேக்கலைட்டில் கட்டி தட்டினால் நசுக்க முடியாது. இறுகியது இறுகியதுதான்.

பேக்கலண்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் அவருடைய கண்ணாடிக் குழாயைப் பற்றியும் இரும்புக் கொப்பரையைப் பற்றியும் பேசுவார்கள். கலவை எந்திரத்தை மறந்துவிடுவார்கள். அது இல்லாமல் போயிருந்தால் அவருடைய பிசின், விஞ்ஞானிகளின் அலமாரியில் இருக்கும் வேடிக்கைப் பொருளாகவே நின்றிருக்கும்.

செருப்பு தைப்பவர் மகன்

1863-ம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ந் தேதி பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரத்தில் லியோ பிறந்தார். தகப்பனார் செருப்பு தைப்பவர். தாயார் வசதி உள்ளவர்கள் வீட்டில் வேலை செய்தவர்.

பையன் தன்னோடு உட்கார்ந்து தொழில் பழகவேண்டும் என்பது தகப்பனாரின் எண்ணம். பையன் படிக்கவேண்டும் என்று தாயார் ஒற்றைக் காலில் நின்றார். தாயாரின் பிடிவாதமே வென்றது.

லியோ சளைக்காமல் படித்தார். பள்ளிக்கூடம் போக, மாலையில் தொழிற்பள்ளிக்கும் போய் ரசாயனம் கற்றார். கெண்ட் நகரசபை அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1880-ம் ஆண்டு சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1884-ல், இருபத்தொரு வயதுகூட நிறையாத நிலையில், மிக உயர்ந்த தகுதியோடு டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது. பேராசிரியர் ஸ்வார்ட்ஸ் என்பவரின் கீழ் வேலை. பேராசிரியருக்கு செலின் என்று ஒரு மகள். 1889-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லியோவுக்கும் செலினுக்கும் கல்யாணம் நடந்தது. அந்த ஆண்டே வெளிநாட்டுப் பயணத்துக்கு ஓர் உதவித்தொகையும் கிடைக்க, மணமக்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

போனவர் திரும்பவில்லை. நியூயார்க்கில் புகைப்படச் சாமான் செய்யும் ஒரு கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பெல்ஜியத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டார்.

நோய்ப் படுக்கையில் ஒரு முடிவு

1891-ல் அந்த வேலையையும் விட்டுச் சொந்தமாக ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரே சமயத்தில் பல காரியங்களைத் தொட்டார். ஒன்றும் உருப்படவில்லை. கையில் இருந்த பணம் கரைந்தது. போதாக்குறைக்கு நோய் வேறு வந்து படுக்கையில் தள்ளியது.

படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பத்து வேலைகளைப் பாதி பாதி செய்வதைவிட, சீக்கிரம் பலன் தரும் ஒன்றை எடுத்து முழுதாக முடிப்பது என்று தீர்மானித்தார். எழுந்ததும் புகைப்படக் காகிதம் ஒன்றைச் செய்தார். அதுவரை பெரும்பாலும் படங்களைச் சூரிய வெளிச்சத்தில்தான் அச்சிட்டு வந்தார்கள். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். பேக்கலண்டின் காகிதத்தில் விளக்கு வெளிச்சத்திலேயே படம் போடலாம். அதற்கு "வேலாக்ஸ்" என்று பெயர் வைத்தார். 1893-ல் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார்.

முதலில் வியாபாரம் சுணங்கியது. வாங்கியவர்கள் பழைய காகிதத்தைப் பயன்படுத்துவதுபோலவே இதையும் பயன்படுத்திக் கெடுத்தார்கள். கூட இருந்த குறிப்பைப் படிக்க ஆள் இல்லை. நல்ல பொருளைச் செய்தால் மட்டும் போதாது, அதைக் கையாளவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். பின்னால் பேக்கலைட்டிலும் இதே தொல்லை அவரைத் தேடி வந்தது.

போகப்போக வேலாக்ஸ் புகழ் பெற்றது. கோடக் காமிரா அதிபர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1899-ல் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கினார். விலை 10 லட்சம் டாலர் என்று வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. 7 லட்சத்து 50 ஆயிரம் என்று சொல்வாரும் உண்டு. எதுவானாலும் அந்தக் காலத்தில் அது பெருஞ்செல்வம். பேக்கலண்டு 50 ஆயிரம் கேட்கலாம், பேரம் பேசினால் 25 ஆயிரத்துக்கு இறங்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனதாகவும், அவர் வாயைத் திறப்பதற்குள் ஈஸ்ட்மனே பெரிய தொகையைச் சொல்லிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. சொல்லச்சொல்ல மெருகேறிய கதையாக இருக்கலாம்.

36 வயதில் அவர் பெரும் பணக்காரர். ஹட்சன் ஆற்றங்கரையில் யாங்கர்ஸ் என்ற ஊரில் பெரிய வீடு வாங்கினார். புகைப்படத் தொழிலில் இனி இறங்குவதில்லை என்று ஒப்பந்தம் ஆகிவிட்டதால் வேறு வேலை தேடவேண்டி இருந்தது. வேறு ஒருவராக இருந்தால் சாய்வு நாற்காலியைத் தேடி இருப்பார். பேக்கலண்டு வீட்டை ஒட்டியே ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். ஜெர்மனிக்குப் போய் ஒரு குளிர்காலம் முழுவதும் மாணவரைப் போல உட்கார்ந்து மின் ரசாயனம் படித்துவிட்டு வந்தார்.

அரக்குப் பூச்சிக்குப் போட்டி

அது மின்சாரம் பரவிக்கொண்டிருந்த காலம். மின்சாரக் கம்பிக்கு மேல்பூச்சு வேண்டும். எந்திரங்களுக்கு மின்சாரம் கசியாத பாகங்கள் வேண்டும். அதற்கு உலகம் நம்பி இருந்த பொருள்களில் முக்கியமானது அரக்கு.

அரக்கு எங்கிருந்து போனது? பெரும்பாலும் நம் இந்தியாவில் இருந்துதான். சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டிக்கொண்டு வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் அதைச் சுரக்கின்றன. ஆயிரக்கணக்கான பூச்சிகள் மாதக்கணக்கில் பாடுபட்டால் ஒரு ராத்தல் அரக்கு கிடைக்கும். பூச்சியை அவசரப்படுத்த முடியுமா? தேவை ஏற ஏற விலையும் ஏறியது. செயற்கையாக அரக்கு செய்துவிட்டால் அதிர்ஷ்டம்தான் என்று பலரும் முயன்றார்கள். பேக்கலண்டும் முயன்றார்.

அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு சரக்குகள். ஒன்று, நிலக்கரித் தாரில் இருந்து கிடைக்கும் பீனால். ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் கார்பாலிக் அமிலம் என்பது இதுதான். மற்றொன்று பார்மால்டிஹைடு. இது கலந்த தண்ணீரில்தான் மருத்துவக் கல்லூரிகளில் உடல்களைக் கெடாமல் வைப்பார்கள்.

இரண்டையும் சேர்த்தால் பிசின் உண்டாகும் என்பதை 1872-லேயே ஜெர்மன் விஞ்ஞானி அடால்ப் வான் பேயர் கண்டிருந்தார். ஆனால் அந்தப் பிசின் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டால் எதிலும் கரையாது. சுரண்டினாலும் வராது. அவருக்கு அது ஒரு தொல்லை. பாத்திரத்தைக் கெடுத்த அந்தச் சனியனே பெரிய புதையல் என்று நினைத்தவர் பேக்கலண்டு.

முதலில் அவரும் அவருடைய உதவியாளரும் செய்தது, கரையவும் உருகவும் கூடிய ஒரு பிசின். "நோவோலாக்" என்று பெயரிட்டார்கள். அரக்குக்குப் பதிலாக விற்கலாம் என்று பார்த்தார்கள். எடுபடவில்லை.

பிறகு வேறு வழியில் போனார். மெத்தென்ற மரத்துக்குள் இந்தச் சரக்குகளை ஊறவைத்துச் சூடேற்றினால் மரம் கெட்டிப்படுமா என்று 1907-ம் ஆண்டு ஜூன் மாதம் சோதித்தார். மூடிய குழாய்களில் மரத்துண்டுகளைப் போட்டுச் சூடேற்றினார். மரத்தைவிட, அதைச் சுற்றிலும் கசிந்து இறுகி இருந்த பிசின்தான் அவர் கண்ணில் பட்டது. எந்தத் திராவகத்திலும் அது கரையவில்லை. சூட்டில் இளகவில்லை. தம் குறிப்புப் புத்தகத்தில் அதற்குத் தம்முடைய பெயரையே வைத்துவிட்டார்!

மற்றவர்கள் தோற்ற இடத்தில் அவர் எப்படி வென்றார்? சரக்கு நுரைத்துப் பொங்குவதைக் கண்டு பயந்து, மற்றவர்கள் சூட்டைக் குறைத்தார்கள். பேக்கலண்டு சூட்டைக் கூட்டினார். பொங்காமல் இருக்க, மேலே அழுத்தம் கொடுத்தார். கனமான இரும்புக் கொப்பரை. இறுக்கி மூடும் மூடி. உள்ளே நீராவி அழுத்தம். நம் குக்கரின் தத்துவந்தான். அந்தக் கொப்பரைக்குப் "பேக்கலைசர்" என்று பெயர். ஆரம்ப காலத்தில் வேலை செய்த கொப்பரை ஒன்று அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குச் சேர்ந்தது. 1993-ல் அமெரிக்க ரசாயனச் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

1907-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி பேக்கலண்டு காப்புரிமைக்கு மனுப் போட்டார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் சுவின்பர்ன் என்ற பொறியாளரும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார். அவர் மனுப் போடப் போனபோது பேக்கலண்டு ஒரு நாள் முந்திக்கொண்டு இருந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்து பேக்கலைட் கம்பெனிக்குச் சுவின்பர்னே தலைவர் ஆனார்.

பிசின் மட்டும் போதுமா?

1909-ம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் ரசாயன நிபுணர்கள் கூட்டத்தில் பேக்கலண்டு தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். பிசினுக்கு மூன்று பருவங்கள் உண்டு என்று விளக்கினார். ஏ என்பது முதல் பருவம். அப்போது பிசின் திரவமாக இருக்கும், அல்லது எளிதில் கரையும். பி என்பது நடுப் பருவம். சூட்டில் இளகும், ஆனால் சரியாக உருகாது. சி என்பது கடைசிப் பருவம். அதற்குப்பின் என்ன செய்தாலும் மாறாது. பச்சை மண்ணைப் பிசையலாம், வனையலாம். சூளையில் வெந்தபிறகு செங்கல்லை மறுபடி மண்ணாக்க முடியுமா? அப்படித்தான்.

இங்கேதான் கலவை எந்திரத்தின் வேலை வருகிறது.

பிசினைத் தனியாக வார்த்தால் அம்பர் போல அழகாக இருக்கும். ஆனால் நொறுங்கும். இறுகும்போது சுருங்கி வெடிக்கும். விலையும் அதிகம். அதனால் உள்ளே வேறு ஏதாவது நிரப்பவேண்டும். மரமாவு, பஞ்சு, துணித் துண்டு, கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ், அப்பிரகத் தூள் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். மரமாவுதான் மலிவு. அதனால் அதற்கே முதலிடம்.

மரமாவை எப்படிக் கலப்பது? மாவின் ஒவ்வொரு துகளையும் பிசின் தழுவவேண்டும். ஒரு கட்டி பிரியாமல் நின்றால் அதன் நடுவில் காய்ந்த மாவு இருக்கும். அந்த இடம் பஞ்சு போல ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய இடத்தில் மின்சாரம் கசியும். பெரிய எந்திரத்தில் ஒரு சின்ன பேக்கலைட் வளையம் கசிந்தால் எந்திரமே எரிந்துபோகும். மாவில் முன்னாலேயே ஈரம் இருந்தாலும் ஆபத்து. அச்சில் சூடேறும்போது ஈரம் ஆவியாகிக் கொப்புளம் எழும்.

பிசினோ தேன்போல் கெட்டி. கரண்டி போட்டுக் கிளறினால் மாவு ஒரு பக்கம், பிசின் ஒரு பக்கம் என்று நிற்கும். இளகட்டும் என்று சூடேற்றினால், சூட்டில் பிசின் சி பருவத்தை நோக்கி ஓட ஆரம்பித்துவிடும். சூடு இல்லாமல் கலக்காது. சூடு இருந்தாலோ இறுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில நிமிஷங்களில் கலவை முடிந்தாக வேண்டும்.

ரப்பர் ஆலையில் கிடைத்த விடை

இந்த எந்திரத்தைப் பேக்கலண்டு கண்டுபிடிக்கவில்லை. அது ரப்பர் ஆலைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 1836-ம் ஆண்டு எட்வின் சாபி என்ற அமெரிக்கர் ரப்பரைப் பிசைய இரட்டை உருளை எந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ரப்பரில் கந்தகத்தையும் கரியையும் கலக்க அந்த வகை எந்திரந்தான் உதவியது. பேக்கலைட்டை முதன்முதல் அச்சில் போட்டுச் சாமானாக்கியவர்களும் ரப்பர்த் தொழிலில் இருந்தவர்கள்தான். நியூஜெர்சியில் பூன்டன் என்ற ஊரில், மின்சார அளவுக் கருவிகளுக்காகச் சின்னஞ்சிறு பாகங்களைச் செய்து பார்த்தார்கள். உருளையோடு பழகிய கை அவர்களுக்கு இருந்தது.

அந்த எந்திரம் எப்படி வேலை செய்யும்? பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கனத்த இரும்பு உருளைகள் படுத்திருக்கும். இரண்டும் எதிர் எதிராகச் சுழலும். நடுவில் சிறு சந்து. உள்ளே நீராவி விட்டு உருளைகளைச் சூடேற்றுவார்கள். ஒன்று கூடுதல் சூடு, மற்றது குறைந்த சூடு. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடும்.

வேகத்தில் இந்த வித்தியாசம் எதற்கு? இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் சரக்கு சப்பையாகுமே தவிர, கலக்காது. ஒன்று முந்தி ஓடினால் நடுவில் அகப்பட்ட சரக்கு இழுபட்டுத் தேயும். அம்மியில் மிளகாயை வைத்துக் குழவியால் சும்மா அழுத்தினால் நசுங்கும். இழுத்து அரைத்தால்தான் மைபோல் ஆகும். அந்த இழுப்புத்தான் கட்டியை உடைக்கிறது.

பிசினைப் பொடியாக்கி, உலர்த்திய மரமாவோடும் சாயத்தோடும் அச்சில் ஒட்டாமல் இருக்க ஒரு மெழுகுப் பொருளோடும் முதலில் உலர்வாகக் கலப்பார்கள். பிறகு உருளைமேல் கொட்டுவார்கள். பிசின் இளகி, எல்லாம் சேர்ந்து ஒரு கம்பளி போல ஓர் உருளையைச் சுற்றிக்கொள்ளும். தொழிலாளி கத்தியால் குறுக்கே வெட்டி, மடித்து, மறுபடி சந்துக்குள் விடுவார். வெட்டி மடிப்பதில்தான் இடது ஓரத்துச் சரக்கும் வலது ஓரத்துச் சரக்கும் ஒன்றாகும். சரக்கின் பளபளப்பையும் விறைப்பையும் கண்ணாலும் கையாலும் அறிந்து, பதம் வந்ததும் உரித்து எடுப்பார். பதம் தவறினால் சரக்கு உருளையிலேயே விறைத்துப்போகும். பாகு கிண்டுகிறவருக்குப் பதம் தெரிவதுபோல இவருக்கும் தெரிந்தாக வேண்டும். உரித்த தகட்டை ஆறவைத்து, உடைத்து, மறுபடி பொடியாக்குவார்கள். அந்தப் பொடியைச் சூடான எஃகு அச்சில் போட்டு அழுத்தினால் சில நிமிஷங்களில் சுவிட்சோ கைப்பிடியோ தயார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எடுபடாமல் போன நோவோலாக் பிசினே இந்தப் பொடிக்கு மிகவும் தோதாக அமைந்தது. அது தானாக இறுகாது. "ஹெக்சா" என்னும் ஒரு சரக்கைச் சேர்த்துச் சூடேற்றினால்தான் இறுகும். அதனால் கலக்கிறவருக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது.

உருளையில் ஒரு குறையும் உண்டு. நீளமான பஞ்சு இழையையும் துணித் துண்டையும் அது கடித்துத் துண்டாக்கிவிடும். இழை நீளமாக இருந்தால்தான் சாமான் அடி தாங்கும். ஆகவே அந்த ரகத்துக்கு ரொட்டிக்கிடங்கில் மாவு பிசையும் எந்திரத்தின் உறவுக்காரரை அழைத்தார்கள். ஒரு தொட்டி. அதற்குள் முறுக்கி வளைத்த இரண்டு இரும்புக் கைகள். திரவப் பிசினில் பஞ்சைப் போட்டு அந்தக் கைகள் புரட்டிப் புரட்டிப் பிசையும். பிறகு உலர்த்தி எடுப்பார்கள். பெர்ன்லி பான்பரி என்பவர் 1916-ல் மூடிய பெட்டிக்குள் பிசையும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் ஆலைகளில் பரவலாக ஓடிய எந்திரம் அது. தூசி வெளியே பறப்பது அதில் குறைவு.

தூசியைப் பற்றியும் சொல்லவேண்டும். மரமாவு காற்றில் மிதந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். பீனால் தோலைப் பொசுக்கும். கல்நார்த் தூசி நுரையீரலுக்குள் போய்ப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரும். பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. அந்த நாளில் உருளையின் முன்னால் நின்று கத்தி பிடித்த தொழிலாளிகள் இதையெல்லாம் சுவாசித்துக்கொண்டுதான் நின்றார்கள். பேக்கலைட்டின் புகழைப் பேசும்போது அவர்கள் பெயர் எங்கும் வருவதில்லை.

சொந்தக் கம்பெனி

ஆரம்பத்தில் பேக்கலண்டுக்குத் தொழிற்சாலை நடத்தும் ஆசையே இல்லை. உரிமையை மற்றவர்களுக்குக் கொடுத்து, ராயல்டி வாங்கிக்கொண்டு, ஆராய்ச்சி செய்துகொண்டு இருக்கலாம் என்றுதான் எண்ணினார். ஆனால் வாங்கியவர்களுக்குச் சரக்கைக் கையாளத் தெரியவில்லை. பழகிய ரப்பர்போலவும் செல்லுலாயிடு போலவும் நடத்தினார்கள். வேலாக்ஸ் காகிதத்துக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும்போல் இருந்தது.

அது நெருக்கடியான நேரம். கலவை கெட்டு, நாலு சாமான் உடைந்தால் பேக்கலைட் என்ற பெயரே கெட்டுவிடும். பிறகு எந்த மின்சாரக் கம்பெனியும் தொடாது. ஆகவே தாமே பிசினைச் செய்து, தாமே பக்குவப்படுத்திக் கொடுப்பது என்று முடிவு செய்தார். 1910-ல் ஜெனரல் பேக்கலைட் கம்பெனி பிறந்தது. நியூஜெர்சியில் பெர்த் அம்பாய் என்ற ஊரில் தொழிற்சாலை எழுந்தது. ஜெர்மனியிலும் பெர்லின் அருகே எர்க்னரில் ஒரு தொழிற்சாலை தொடங்கியது.

பெரிய அளவில் இறங்குமுன் சின்ன அளவில் செய்து பார்த்துத் தவறுகளை எல்லாம் அங்கேயே செய்து முடித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. யாங்கர்ஸ் வீட்டு ஆராய்ச்சிக்கூடம் அதற்குத்தான் பயன்பட்டது.

மோட்டார் கார், டெலிபோன், ரேடியோ என்று ஒன்றன்பின் ஒன்றாகப் புதுச் சாமான்கள் வந்த காலம் அது. எல்லாவற்றுக்கும் பேக்கலைட் தேவைப்பட்டது. அந்த நாள் டெலிபோன்கள் ஏன் கறுப்பாக இருந்தன தெரியுமா? பீனால் பிசின் நாளாக ஆகக் கறுக்கும். மரமாவும் சேர்ந்தால் வெளிர் நிறம் எடுபடாது. கறுப்பும் பழுப்பும்தான் சரிப்பட்டன. பின்னர் 1920-களின் இறுதியில் "கேட்டலின்" என்ற போட்டிச் சரக்கு வந்தது. அதில் மரமாவு கிடையாது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள், சிவப்பு நிறங்களில் நகையும் ரேடியோப் பெட்டியும் செய்தார்கள். ஆனால் நாள்பட்டால் சுருங்கி விரிசல் விட்டது. நிறம் வேண்டுமானால் உறுதி இல்லை. உறுதி வேண்டுமானால் நிறம் இல்லை!

இடையில் வழக்குகளும் வந்தன. ரெட்மனால், காண்டன்சைட் என்ற இரண்டு கம்பெனிகள் ஏறக்குறைய இதே பிசினைச் செய்தன. பேக்கலண்டு கோர்ட்டுக்குப் போனார். வெற்றியும் பெற்றார். ஆனால் எதிரிகளை ஒழிக்கவில்லை. 1922-ல் மூன்று கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன. தலைவர் பேக்கலண்டுதான். 1924-ல் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். அந்த ஆண்டு செப்டம்பரில் "டைம்" பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது.

வீட்டில் பேக்கலண்டு

செலின் அம்மையார் ஓவியம் தீட்டுவார், பியானோ வாசிப்பார். மூத்த மகள் ஜென்னி குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனாள். ஜார்ஜ், நினா என்ற இருவரும் வளர்ந்து ஆளானார்கள்.

கார் என்றால் பேக்கலண்டுக்கு உயிர். 1906-ல் குடும்பத்தோடு ஐரோப்பா முழுவதும் காரில் சுற்றினார். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். தண்ணீரில் போக ஒரு படகு வைத்திருந்தார். தினமும் நாட்குறிப்பு எழுதினார். ஆடம்பரம் மட்டும் பிடிக்கவே பிடிக்காது. செருப்பு தைப்பவர் வீட்டில் வளர்ந்த சிக்கனம் கோடிகள் சேர்ந்தபிறகும் போகவில்லை.

முதுமையில் ஒரு மனக்குறை அவரை அரித்தது. தம் மகன் ஜார்ஜ் கம்பெனியை ஏற்று நடத்துவான் என்று எதிர்பார்த்தார். ஜார்ஜுக்கு அதில் நாட்டம் இல்லை. தகப்பனார் தொழிலைத் தொடர மறுத்து வந்த லியோவுக்கு, மகனும் அப்படியே செய்தபோது மனம் எப்படி இருந்திருக்கும்! 1939-ல் கம்பெனியை யூனியன் கார்பைடு கம்பெனிக்கு விற்றார்கள். விலை 1 கோடியே 65 லட்சம் டாலர்.

விற்ற பிறகு அவர் பெரும்பாலும் புளோரிடாவில் இருந்த வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். தோட்டத்தில் வெப்பநாட்டுச் செடிகளை வளர்த்தார். மனிதர்களோடு பழகுவது குறைந்தது. சமைத்த விருந்தை விட்டு, டின்னில் அடைத்த உணவைத் தகரத்தில் இருந்தே எடுத்துச் சாப்பிடுவார். ஞாபகசக்தியும் தளர்ந்தது.

1944-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் பீக்கன் என்ற ஊரில் இருந்த ஒரு சிகிச்சை விடுதியில், மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் காலமானார். அப்போது வயது 80. யாங்கர்ஸ் வீட்டில் இருந்து அதிக தூரம் இல்லாத ஸ்லீப்பி ஹாலோ இடுகாட்டில், ஹட்சன் ஆற்றங்கரைப் பக்கமாகவே, அவரை அடக்கம் செய்தார்கள்.